வாசிக்காமல் விட்ட வரி

என் பேச்சை நம்பி றசீனா தன் கணவரின் ஆயுள் காப்புறுதியை நிறுத்தினாள். அப்போது என் கணவரின் காப்புறுதிப் பத்திரம் என் அலுமாரியில், குழந்தையின் உடுப்புகளுக்கு அடியில் இருந்தது. உங்களைத் தவிர இதை யாரிடமும் சொன்னதில்லை.

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் டோர்செட் பார்க்கில், எங்கள் கட்டடத்தில் ஏழு முஸ்லிம் குடும்பங்கள். ஞாயிறுகளில் பெண்கள் ஒரு வீட்டில் கூடுவோம். படித்தவள் என்று என்னைப் பேசச் சொல்வார்கள். அன்றைக்குக் காப்புறுதி பற்றிப் பேசினேன்.

நன்றாகவே பேசினேன்! சாதாரணக் காப்புறுதியில் மரணத்தை வைத்துக் கம்பனியோடு பேரம் பேசுகிறோம்; நம் பணம் வட்டியில் வளர்கிறது; மிஞ்சுவது கம்பனிக்கு; ஆகவே அது ஹறாம், மார்க்கம் தடுத்தது. இஸ்லாமியக் காப்புறுதியான தகாபுலில் எல்லோரும் நன்கொடையாகப் பொது நிதியில் போடுகிறோம், இறந்தவரின் குடும்பத்தை அது தாங்குகிறது, மிஞ்சினால் போட்டவர்களுக்கே.

என் குறிப்புத்தாளில் இன்னும் ஒரு வரி இருந்தது. இங்கே போலத் தகாபுல் இல்லாத நாட்டில், வேறு வழியற்றவர்களுக்கு மார்க்கம் கற்ற சில ஆலிம்கள் சலுகை தருகிறார்கள் என்ற வரி.

அதை நான் வாசிக்கவில்லை. நேரம் போய்விட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய்! வாசித்தால், "அப்ப நீங்களும் எடுத்திருக்கிறீங்களோ?" என்று யாராவது கேட்டுவிடுவார்களே... மகள் பிறந்த மாதம், இவருக்கு ஏதும் நடந்தால் என்ற பயத்தில், அந்த வரியைக் காட்டித்தானே இவரைக் கையெழுத்து வைக்கச் செய்தேன்! சலுகையை நான் வைத்துக்கொண்டு, சட்டத்தை அவர்களுக்குக் கொடுத்தேன்.

மறுநாள் கீழ்த்தளச் சலவை அறையில் றசீனா கேட்டாள்.

"ராத்தா, எங்கட மனுசன் ஒண்டு எடுத்து வைச்சிருக்கிறார். நிப்பாட்டச் சொல்லட்டோ?"

"அது உங்கட விருப்பம்."

"நீங்கள் எடுக்கேல்லைத்தானே?"

"இல்லை."

"அப்ப முடிஞ்சுது! உங்களை மாதிரிப் பயந்தாங்கொள்ளி இந்தக் கட்டடத்திலயே இல்லை. நீங்களே அல்லாஹ்வை நம்பி இருக்கேக்க எனக்கென்ன!"

சிரித்தபடி உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நான்கு மாதத்தில் அவள் கணவர் வேலைத்தலத்தில் மாரடைப்பால் மௌத்தானார். இரண்டு சிறு பிள்ளைகள். ஏழு குடும்பங்களும் அப்போதுதான் சேர்க்கத் தொடங்கியிருந்த பொது நிதி, அடக்கச் செலவோடு முடிந்துபோயிற்று.

கணவருக்காக அவள் வெளியே போகாமல் இத்தா இருந்த நாட்களில் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கையில ஒண்டும் இல்லைத்தான் ராத்தா. ஆனா நீங்கள் சொன்னபடியால ஹறாமான காசு என்ட பிள்ளையளின்ட வயித்துக்குள்ள போகேல்லை."

நான் அழுதேன். கணவரை இழந்தவள் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்!

இப்போது மாலைகளில் அவள் அலுவலகங்கள் துப்புரவாக்கப் போகிறாள். பிள்ளைகளை என்னிடம் விடுகிறாள். நான் காசு வாங்குவதில்லை. என்னை நல்ல மனசுக்காரி என்று எல்லோரிடமும் சொல்கிறாள். அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்... சொன்னால் அவளுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே ஆறுதலும் போய்விடுமே! இல்லை, இதுவும் என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் சாக்குத்தானோ?

அந்தப் பத்திரத்தையாவது நிறுத்தினாயா என்று கேட்பீர்கள்.

இல்லை. அவள் கணவரின் ஜனாசா அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும், அந்த மாதப் பணம் கட்டியாயிற்றா என்றுதான் முதலில் பார்த்தேன்.