இறங்கி வராத ஒட்டகம்

என் அக்கா புருஷனுக்கு வாய் இருப்பதே பல் துலக்கத்தான் என்று எங்கள் வீட்டில் கேலி பேசுவோம். அவ்வளவு பேச்சு.

மாமா டவர் கிரேன் ஓட்டுகிறார். பெரிய கட்டடங்கள் எழும்பும் இடத்தில் நெட்டையாக நிற்கிறதே, அந்தக் கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். அதுதான் அவருடைய ஆபீஸ். வேலையாட்கள் வருவதற்கு முன்பே ஏணியில் ஏறிவிடுவார். எல்லோரும் போன பிறகுதான் இறங்குவார். நடுவில் அவருக்குத் துணை வாக்கி டாக்கியில் வரும் சிக்னல்காரர் குரல் மட்டும். "அண்ணே, தூக்கு", "கொஞ்சம் இடது பக்கம்ணே", "போதும்" என்று அவர் கீழேயிருந்து சொல்ல, மாமா "சரி" என்பார். அக்கா இறந்துபோன பிறகு, வீட்டில் "சரி" சொல்லக்கூட ஆள் இல்லை.

ஒரு தடவை இறங்கி ஏறுவதற்குள் முழங்கால் கழன்றுவிடும். அதற்குள் கீழே காங்கிரீட் காத்துக் கிடக்கும், மேஸ்திரி காட்டுக்கத்தல் கத்துவார். அதனால் மற்ற கிரேன்காரர்கள் ஒரு காலி பாட்டிலைக் கையோடு கொண்டுபோவார்கள். எதற்கு என்று நான் விளக்க வேண்டியதில்லை. மாமாவோ கூண்டுக்குள் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு உட்காருகிறவர். அந்த வேலை அவருக்கு ஆகாது. தண்ணீர் குடித்தால்தானே வம்பு என்று, குடிப்பதையே நிறுத்திவிட்டார்.

"நம்ம கிரேன்காரர் ஒட்டகம்யா, ஏறினா இறங்கவே மாட்டாரு" என்று ஏதோ ஒரு மேஸ்திரி சொல்லப்போக, அந்தப் பட்டம் வேலைக்கு வேலை கூடவே வந்தது. அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் யோசித்தால் பாவமாகவும் இருக்கும். அக்காவுக்குப் பிறகு அவரைப் பற்றி யாராவது வாய் திறந்து சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

தலைவலி, வாய் உலர்வு, கடுந்தேநீர் நிறத்தில் சிறுநீர் எல்லாவற்றையும் வெயில் என்று தள்ளிவிட்டார். ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோதுதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன்.

"கல்லு அடைச்சு ஒரு கிட்னி வீணாப் போச்சு. மிச்சம் இருக்கறது ஒண்ணுதான். தண்ணி குடிங்க" என்றார் டாக்டரம்மா.

"குடிச்சா இறங்கணுமேம்மா."

"இறங்குங்க."

அவருக்கு இதில் என்ன கஷ்டம் என்று டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. மாமா மறுபடி வேலைக்குப் போனார், பாட்டிலில் தண்ணீரும் கொண்டுபோனார். போன பாட்டில் போனபடியே திரும்பி வந்தது. இருக்கிற ஒன்றும் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, "எனக்குன்னு யாருடா இருக்கா?" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்ப நான் யாரு மாமா?" என்று கத்திவிட்டேன்.

மறுநாள் காலை வேலை மும்முரத்தில் அவர் பாட்டிலைக் காலி செய்துவிட்டு, வாக்கி டாக்கியில், "இறங்குறேன்" என்றிருக்கிறார். சிக்னல்காரர் பதறிப்போய், "ஏன்ணே, என்னாச்சு?" என்று கேட்டிருக்கிறார்.

"ஒண்ணுக்கு வருது."

கழிப்பறை வாசலில் கம்பி கட்டுகிறவர்கள் வரிசையில் நின்றார்கள். மாமாவும் போய் நின்றார். முன்னால் இருந்தவர் அவரைத் திரும்பிப் பார்த்து, "கிரேன் நின்னுபோச்சு பாத்தீங்களா? நம்ம ஒட்டகத்துக்கு ஏதோ ஆயிடுச்சு போல, பாவம்" என்றார். பிறகு, "நீங்க புதுசா வேலைக்கு வந்திருக்கீங்களா? பாத்ததே இல்லையே" என்று கேட்டார்.

"ஆமா. இன்னைக்குத்தான்" என்றார் மாமா.

"வெயில் கொளுத்துது. அந்தா டிரம்முல தண்ணி இருக்கு, குடிச்சிட்டுப் போங்க. நாங்க இங்கதான் இருப்போம், நாளைக்கும் வாங்க."

அன்று மாலை மாமாவே எனக்குப் போன் செய்து இதைச் சொன்னார். அவராகப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. "இத்தனை மாசமா அவங்க தலைக்கு மேலதான்டா இருந்திருக்கேன்" என்றபோது குரல் உடைந்துவிட்டது.

"நாளைக்கு இறங்குவீங்களா மாமா?"

"இறங்கித்தானே ஆகணும். வரலைன்னா அந்தக் கம்பிக்காரர் தேடுவாரு."