வெள்ளிக்கிழமைக் கறிக்குழம்பு

சாரம் பகுதியில் எங்கள் கிச்சனில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. உப்புப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஒரு ஆபீசுக்கு மாதிரிச் சாப்பாடு. பிடித்தால் தினமும் மதியம் எங்களிடம்தான். இல்லையென்றால் கிச்சனுக்குப் பூட்டு. இதை நம்பித்தான் இரண்டு அக்காக்கள் பழைய வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். போன் வந்ததும் கறியா, ஓகே, வெள்ளிக்கிழமையா, ஓகே என்று துள்ளிக் குதித்தது நான்.

அடுப்படியில் நின்ற பிறகுதான் உறைத்தது. நெல்லித்தோப்பு அக்காவுக்குத் தவக்காலம். ஈஸ்டர் வரை கறி தொடமாட்டார். மீன் விற்கும் குடும்பத்து அக்காவுக்கு வெள்ளிக்கிழமை கவிச்சி ஆகாது. இருவரும் சமைப்பார்கள், வாயில் வைக்கமாட்டார்கள். "இங்க யாரும் யாரோட விரதத்தையும் கலைக்கக் கூடாது" என்று முதல் நாளே பெரிய பேச்சுப் பேசியதும் நான்தான்.

"நீ பாரேன், மொதலாளியம்மா. உனக்கின்னா விரதம்?" மீன்கார அக்கா கரண்டியை நீட்டினார்.

எனக்கு விரதமில்லை. வயிற்றில் பிள்ளை. கிச்சனை மூடிவிடுவேனோ என்று பயப்படுவார்களே என்று இவர்களிடம் சொல்லவில்லை. குழம்பு நாக்கில் பட்டதும் துருப்பிடித்த இரும்பைச் சப்பியது போல இருந்தது. உப்பா, புளிப்பா, ஒன்றும் தெரியவில்லை. குமட்டிக்கொண்டு வர, குழாயடிக்கு ஓடினேன்.

திரும்பினால் இருவரும் என்னையே பார்க்கிறார்கள். வெளியே ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்துகிறார்.

"அக்கா, நாக்குல வெச்சிட்டுத் துப்பிடுங்களேன். இன்னிக்கு மட்டும்."

கேட்டே விட்டேன். நெல்லித்தோப்பு அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கரண்டியை எடுத்தார்.

"வேணாங்கா, கரண்டிய வெச்சிடுங்க! உப்பு டப்பாவ மட்டும் குடுங்க. ஆபீசுக்கு நானே கொண்டு போறேன்."

ஆபீசில் மேனேஜரம்மாவிடம் ஒரே மூச்சில் கொட்டினேன். "மேடம், மொதல்ல நீங்க உப்புப் பாத்துச் சொல்லணும். எங்க கிச்சன்ல இன்னிக்கு யாரும் கறி வாயில வெக்க மாட்டாங்க. நான் மாசமா இருக்கேன், எனக்கு ருசியே தெரியல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் ஒரு வாய். நான் உப்பு டப்பாவைத் திறந்து திறந்து மூடினேன்.

"என்னங்க, உப்பே போடலியா?"

போட்டுக் கலக்கினேன். மறுபடி பார்த்தார். "இன்னும் கொஞ்சம்." பின்னால் தட்டோடு வரிசை நீண்டுகொண்டிருந்தது.

"ம், இப்ப சரி. போன்லயே சொல்ல வேண்டியதுதானே? இனிமே வெள்ளிக்கிழமையில சாம்பார் அனுப்புங்க."

இனிமே! ஆட்டோவில் அந்த வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

கிச்சனில் ஆர்டர் கிடைத்ததைச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

"எத்தினி மாசம்?" என்றார் மீன்கார அக்கா.

"மூணு."

"பிள்ள பொறந்தா இத யாரு பாத்துக்குவா?"

"நீங்க ரெண்டு பேருந்தான்."

அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த நெல்லித்தோப்பு அக்கா நிமிர்ந்தார். நான் துப்பச் சொல்லிக் கேட்ட பிறகு அப்போதுதான் என்னிடம் பேசினார்.

"அப்ப அந்தப் போன இப்பிடிக் குடு. ஆர்டர் கேட்டா இனிமே நான் பேசிக்கிறேன்."