வால்தானே என்று நினைத்த அம்மா

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டாகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அவர் கேட்ட கேள்விகள்தான் வரிசைகட்டி வருகின்றன. மாமல்லபுரத்தை ஒட்டிய மீனவக் குப்பத்தில் பிறந்து, புதுப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டவர். அப்பா காலமான பின் சந்தையில் மீன் விற்றுத்தான் எங்களைப் படிக்கவைத்தார். சுனாமியில் தராசும் கூடைகளும் போயின. அடுத்த மாதமே கடன் வாங்கிக் கடை போட்டார்.

கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து மீன் வாங்க வருகிறவர்களை அவர் சும்மா விட்டதில்லை. "அந்த அணு உலையில இன்னாதான் சார் வேவுது?" என்பார். பதில் புரியும்வரை மீனை நறுக்க மாட்டார்.

முதுகுவலியும் மெலிவும் வந்து, தைலம் தேய்த்துப் பார்த்து, கடைசியில் செங்கல்பட்டில் ஸ்கேன் எடுத்தோம். கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். மருத்துவர் பொறுமையான மனிதர்.

"கணையம் இரைப்பைக்குப் பின்னாடி குறுக்க இருக்கும்மா. தலை, உடல், வால்னு பிரிச்சுச் சொல்வோம். உங்களுக்கு வால்ல வந்திருக்கு."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. சந்தையில் வால் துண்டை அவர் எடைக்குச் சேர்ப்பதே இல்லை, கொசுறாகப் போட்டுவிடுவார்.

"வாலுதானே டாக்டரே! நறுக்கிப் போட்டா போவுது. தலையில வந்திருந்தாத்தான் பேஜாரு." அந்த நம்பிக்கை எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

மருத்துவர் தயங்கினார். "தலையில வந்தா பக்கத்துல போற பித்தக்குழாயை அழுத்தும். கண்ணு மஞ்சளாகும், அரிக்கும். அதனால பல பேருக்குச் சீக்கிரம் தெரிஞ்சுடும். வால் பக்கம் அப்படி அழுத்த ஒண்ணும் இல்லம்மா. சத்தமில்லாம வளரும். உங்களுக்கு ஈரலுக்கும் போயிடுச்சு. ஆபரேஷன் பண்ண முடியாது."

"நடுத்துண்டுல வந்தா?" என்றார் அம்மா.

"அதுவும் பெரும்பாலும் லேட்டாத்தான் தெரியும்."

"ஓகோ" என்று தலையாட்டினார். அந்த நிலையிலும் அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அம்மா படுக்கையில் விழுந்தபின், சந்தையில் அடுத்த கடை போடும் அஞ்சலை அக்கா பார்க்க வந்தார். கண்கள் மஞ்சளாக இருந்தன. காமாலை என்று கீழாநெல்லிச் சாறு குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒடம்பு அரிக்குதாடி?" என்றார் அம்மா.

"ராவெல்லாம் சொறிஞ்சுகினு கீறேன்க்கா."

"சாறு குடிச்சது போதும். போய் ஸ்கேன் எடு."

"காமாலைக்கு இன்னாத்துக்குக்கா ஸ்கேனு?"

அம்மா வாதாடவில்லை. ஆட்டோ கூப்பிடச் சொல்லி, உட்காரவே முடியாத உடம்போடு அவரையும் ஏற்றிக்கொண்டு அதே மருத்துவரிடம் போனார். கணையத்தின் தலையில் சிறிய கட்டி. பரவவில்லை, அறுவை செய்யலாம் என்றார்கள்.

"தலையிலயா? தப்பிச்சடி!" என்று அம்மா சிரித்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் அப்படிச் சிரிக்கவில்லை. அஞ்சலை அக்கா தையல் பிரித்து வீடு திரும்பிய வாரத்தில் அம்மா போய்விட்டார்.

ஒரே உறுப்பில் ஒரு கை நீளம்கூட இல்லாத தூரம், ஒருவரை விட்டுவிட்டு ஒருவரைக் கொண்டுபோனது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

கேள்விக்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொன்ன மருத்துவருக்கும், அம்மாவைத் தூக்கிப் படுக்கவைத்த செவிலியர்களுக்கும், காசு வாங்காமல் ஆட்டோ ஓட்டிய தம்பிக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த சந்தைக்காரப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்றைய படையலுக்கு வஞ்சிரம் வாங்கி, தன் கையால் குழம்பு வைத்துக்கொண்டிருப்பவர் அஞ்சலை அக்கா.

– இளைய மகள்