எல் போர்டுக்கு ஊர் போட்ட தடை

தலைவரே, ஊர்க்கூட்டத்தில் நீங்கள் சொன்னது பொய். "பெத்தவன் பொண்ணுக்கு வண்டி கத்துக்குடுக்கச் சட்டத்துல எடமே இல்ல, ட்ரைவிங் ஸ்கூல்லதான் கத்துக்கணும்"னு மைக்கைப் பிடித்துச் சொன்னீர்கள். குப்பமே நம்பியது. கொஞ்ச நாள் நானும் நம்பினேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். என் பக்கமும் ஒரு தப்பு உண்டு. அதை மறைக்க மாட்டேன்.

என் மனைவி கரையில் மீன் ஏலம் எடுத்துப் பொன்னேரியில் விற்கிறவள். வீட்டில் ஒரு பழைய வேன் நிற்கிறது. அதை ஓட்ட நான் ஒருத்தன்தான். நான் கடலில் இருக்கும் நாட்களில் அவள் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்பாள். நாற்றம் என்று பழவேற்காட்டில் ஒருநாள் கண்டக்டர் அவளைப் படியிலிருந்தே இறக்கிவிட்டார். கூட இருந்த என் மகள் வீட்டுக்கு வந்து, "நான் வேன் ஓட்றேன் நைனா, கத்துக்குடு"ன்னா. அப்போது அவளுக்குப் பதினெட்டு முடிய நாலு மாசம் இருந்தது. முடியட்டும் என்றேன். முடிந்த வாரமே எல்.எல்.ஆர். எடுத்துவந்து, வெள்ளை அட்டையில் சிவப்பு எல் எழுதி முன்னும் பின்னும் ஒட்டினாள்.

முதல் மூன்று நாள் நன்றாகத்தான் ஓட்டினாள். நாலாம் நாள் வலைக்கொட்டகை வளைவில் வேகம் குறைக்கச் சொன்னேன். பிரேக்கை மிதிக்காமல் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்துவிட்டாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஏரியில் பத்து வயதிலிருந்து படகு இன்ஜின் பிடித்தவள். கரை நெருங்கும்போது இன்ஜினை அணைக்க வேண்டும், மிச்ச தூரத்தைப் படகே போய் மணலில் ஏறி நிற்கும். அது அவள் கையில் ஊறிய பழக்கம். வேனுக்கு அது தெரியுமா? ஸ்டியரிங் இறுகிப்போய், நேராகக் காயப்போட்டிருந்த வலை மேல் ஏறியது. நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். சக்கரத்தில் வலை சுற்றிக்கொண்டு நின்றது.

வலைக்காரர் எனக்குப் பங்காளி. குதித்துக்கொண்டு வந்தார்.

"இன்னாம்மா இது, ரோட்ட விட்டுட்டு வலையில வந்து மாட்டிக்கினே? நீ இன்னா கெளுத்தியா?"

"கரை வந்துச்சுன்னு அணைச்சிட்டேன் பெரியப்பா."

சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டு கத்தினார். கிழிந்ததை நானும் மகளும் உட்கார்ந்து கட்டிக்கொடுத்தோம். அதோடு முடிந்திருக்க வேண்டும். அதற்குள் நீங்கள் கூட்டம் போட்டுவிட்டீர்கள், தலைவரே. அந்தப் பொய்யைச் சொல்லி, அவள் ஓட்டும் வேன் ஊர் எல்லைக்குள் வரக்கூடாது என்று தடை போட்டீர்கள். "உன் லைசென்ஸைக் காட்டு, நீ இன்னா மாஸ்டரா?" என்று என்னையும் கேட்டீர்கள். காட்டினேன். காலாவதியாகி இரண்டு வருஷம். நான் அந்தத் தேதியைப் பார்த்ததே இல்லை. கூட்டமே சிரித்தது, லைசென்ஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மகள்தான் விடவில்லை. என்னை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு இழுத்துப்போய் ஜன்னலில் நேராகக் கேட்டாள்: "எங்கப்பா எனக்குக் கத்துக்குடுக்கலாமா சார்?" உள்ளே இருந்தவர் நிமிராமலே சொன்னார்: "தாராளமா. அந்த வண்டிக்கு அவர்கிட்ட நடப்புல இருக்குற லைசென்ஸ் இருக்கணும். பக்கத்துலயே உக்காரணும், வண்டிய நிறுத்த முடியுற மாதிரி. எல் போர்டு வேணும். வேறென்ன?"

வேறொன்றும் இல்லை. அவ்வளவுதான் சட்டம். ட்ரைவிங் ஸ்கூல் என்ற பேச்சே அதில் இல்லை. பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது எதற்கென்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அன்றைக்கு ஹேண்ட் பிரேக் என் கைக்கு எட்டாமல் போயிருந்தால் வலைக்குப் பின்னால் குந்தியிருந்த பங்காளிதான் மாட்டியிருப்பார். ஆனால் லைசென்ஸ் செத்துப்போன நான் அன்று அந்த சீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. அது என் தப்பு.

இரண்டு வருஷம் விட்டதால் என்னை மறுபடி ஓட்டிக்காட்டச் சொன்னார்கள். இருபது வருஷமாக ஓட்டுகிறவன், ரிவர்ஸ் எடுக்கக் கழுத்தைத் திருப்பி இரண்டு தடவை பார்த்தேன். வெளியே மகள் நின்று, "நைனா, சாவியத் தொடாத!"ன்னு கத்தினாள். வரிசையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். பாஸ் ஆனேன்.

அதற்குப் பிறகு தினமும் ஊர் எல்லை வரை நான் ஓட்டுவேன். அங்கே சீட் மாறுவோம். திருப்பாலைவனம் சாலையில், இரண்டு பக்கமும் நெல் வயல், அவள் ஓட்டுவாள். பிரேக்கை மிதித்து நிறுத்தக் கால் பழகியது. ஒரு மாசத்துக்கு மேல் ஆனதும் டெஸ்டுக்குப் போனாள். ஒரே தடவையில் லைசென்ஸ் வாங்கிவிட்டாள்.

இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? லைசென்ஸ் வாங்கியவள் ஊர் எல்லையில் வேனோடு காத்திருக்கிறாள். அவள் அம்மா மீன்பெட்டியைத் தலையில் வைத்து மணலில் அதுவரை நடக்கிறாள். போன வாரம் இன்னொரு தலையும் கூட நடந்தது. வலைக்காரப் பங்காளி. தன் நண்டுக் கூடையை வேனில் ஏற்றிவிட்டு, "வலைய ஒழுங்காத்தான் கட்டிக் குடுத்தீங்க, நண்டு நிக்குது. எங்கூட்டுச் சின்னதுக்கும் பதினெட்டு ஆவட்டும், நீயே கத்துக்குடு" என்று என் மகளிடம் சொன்னார். இரண்டு வீட்டுப் பெண்கள் வயதுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார்கள். இன்னும் ஒரு வருஷம் ஓட்டிப் பழகிக்கிறேன், அப்புறம் நானே கத்துக்குடுக்கிறேன் என்கிறாள் என் மகள்.

தலைவரே, உங்கள் பேரனுக்குப் பதினைந்து வயது. உங்கள் வேனை அவன் கோயில் வாசல் வரை ஓட்டுகிறான். பக்கத்து சீட் காலியாக இருக்கிறது. அதற்கு எந்தக் கூட்டமும் போடவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். என் லைசென்ஸ், மகள் லைசென்ஸ் இரண்டோடும் வருகிறேன். பெண்களும் வருவார்கள், ஓரமாக நிற்க மாட்டார்கள். அன்றைக்குப் பிடித்த அதே மைக்கைப் பிடியுங்கள். என் மகளைத் தடுக்கிற சட்டம் எது, உங்கள் பேரனை விடுகிற சட்டம் எது? எல்லார் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்.