நைனா எதற்காகத் தாடி வளர்த்தார்

திருத்தணியில் ஒருவர் தாடி வளர்த்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. மலைமேல் இருப்பவரிடம் ஏதோ வேண்டிக்கொண்டிருக்கிறார், பலித்ததும் முடி இறக்கிவிடுவார், அவ்வளவுதான். நிறைவேறும்வரை வேண்டுதலை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். சொன்னால் பலிக்காதாம். அதனால், நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய கோடையில் நைனா தாடி விடத் தொடங்கியபோது நானும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பையன் தேறி உத்தியோகத்தில் உட்கார வேண்டும் என்பதைவிட்டு ஒரு தகப்பன் வேறெதை வேண்டுவான்?

தேறினேன். அதுவரை எனக்கு இருந்த ஒரே குறி தேறுவதுதான். அது கைக்கு வந்ததும் அடுத்து என்ன என்று தெரியாமல் நின்றேன். காலையில் எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்றிருக்கும். நைனா அந்த வருஷம் கழனியில் கிணறு தோண்டிக்கொண்டிருந்தார். பாறை குறுக்கிட்டுவிட்டது. யுத்த காலத்தில் வெடிமருந்து குதிரைக்கொம்பு. உளியும் சம்மட்டியுமாகக் கொத்திக்கொண்டிருந்தார்கள். நானும் போய் மண் சுமப்பேன். படித்தவன் கூடை தூக்குகிறான் என்று கழனிப் பக்கம் போகிறவர்கள் சிரிப்பார்கள்.

அப்போதுதான் கனகம்மாசத்திரம் போகும் வழியில் இருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில், காய்ச்சலில் படுத்த ஒரு வாத்தியாருக்குப் பதிலாகக் கொஞ்ச நாள் நிற்கக் கூப்பிட்டார்கள். மூன்றாம் வகுப்பு. பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். கழித்தல் கணக்கு யாருக்கும் ஏறவில்லை. ஒரு நாள் வேர்க்கடலை கொண்டுபோய் ஆளுக்கொரு பிடி கொடுத்து, கழிக்கிற கடலையைத் தின்றுவிடலாம் என்றேன். எப்போதும் பேசாமல் கடைசியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், தன் பங்கை முழுக்கத் தின்றுவிட்டு, "சார், இனிமே கழிக்க முடியாது, கைய பாருங்க" என்று வெறுங்கையை விரித்துக் காட்டினாள். அன்று வீடு திரும்பும்போது என் நடை வேறாக இருந்தது. ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டேன். வீட்டில் சொல்லவில்லை. கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

கிடைத்தது. ஆனால் அதே வாரம் என் அக்காள் புருஷனும் ஒரு வேலையோடு வந்தார். பாவாவுக்குத் திருத்தணி கடைத்தெருவில் வேர்க்கடலை மண்டி. தானியக் கொள்முதல் ஆபீஸில் யாரையோ பிடித்து எனக்குக் குமாஸ்தா வேலை பேசியிருந்தார். திங்கட்கிழமை சேர வேண்டும். நான் தயங்கியதைப் பார்த்ததும், "இன்னா மச்சான் யோசிச்சிகினு கீற? உங்க நைனா மூஞ்சிய பாத்தியா? பேனு குடித்தனம் பண்ணுது" என்றார்.

அந்தச் சொல் என்னைத் தைத்தது. அதற்குள் அடுத்த கோடை வந்துவிட்டது, நல்ல வெயில். தாடிக்குள் வேர்த்து, நைனாவின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. சாப்பிடும்போதும் சொறிந்துகொண்டிருப்பார். பயிற்சிக்குப் போனால் இரண்டு வருஷம். அதற்கப்புறம்தான் உத்தியோகம். அதுவரை அவர் இப்படியே இருக்க வேண்டுமா? பாவாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்த கார்டைத் துணிப்பெட்டியின் அடியில் போட்டேன்.

மறுநாள் காலை கழனிக்குக் கூழ் கொண்டுபோனேன். கிணற்று மேட்டில் நைனா தனியாக உட்கார்ந்து உளியின் முனையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்தியைச் சொன்னேன். "திங்கக்கெழம சேந்துட்றேன் நைனா. நீ முடி எறக்கிடலாம்."

"எதுக்கு?"

"எனக்கு வேல கெடச்சிச்சே."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கிணற்றுக்குள் பார்த்தார். "நான் கெணத்துத் தண்ணிக்குத்தான் வேண்டிகினு கீறேன். இந்தப் பாற வுட்டாத்தான் முடி. உனுக்குன்னு எவன் சொன்னான்?"

எவனும் சொல்லவில்லை. அடுத்த கணம் நைனா வாயைப் பொத்திக்கொண்டார். மலைப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சொல்ல வச்சிட்டானே, பாவி" என்று முனகினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிற்க முடியாமல் மண்குவியலிலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை மாதமாக அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து நான் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன்! அவ்வளவும் ஒரு கிணற்றுக்கு. வாய்விட்டுச் சொல்லிவிட்டதால் இனிப் பலிக்கும் என்ற நம்பிக்கை அவருக்குப் போய்விட்டது. ஆனால் அடுத்த மாசியில் பாறை விட்டது, அது வேறு விஷயம்.

"உன்ன பத்தி நான் ஏன்டா வேண்டணும்?" என்றார் நைனா, கோபம் தணிந்த பிறகு. "உனுக்கு இன்னா வேணும்னு எனுக்கு தெரியுமா? நீ சொன்னாத்தானே." கூழை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "அந்த வேல புடிக்கலையா?" என்று கேட்டார்.

அப்போதுதான் சொன்னேன். பயிற்சி, இரண்டு வருஷம், வாத்தியார் வேலை, அந்தப் பெண்ணின் வெறுங்கை எல்லாவற்றையும். அவர் யோசித்துவிட்டு, அங்கே சோறு யார் போடுவார்கள் என்று மட்டும் கேட்டார். பயிற்சியில் இருப்பவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு என்றேன்.

"ஆங். அப்போ போ. உங்க பாவாகிட்ட நீயே சொல்லிக்கோ. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்."

மலைச் சாமியிடம் வைத்த வேண்டுதல் வாய்க்குள்ளேயே இருக்கட்டும்; அது அவரவர் நம்பிக்கை. ஆனால் பிழைப்பில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை வாய்க்குள் வைத்திருந்தால், பக்கத்தில் இருப்பவர்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் நாமே கற்பித்துக்கொண்டு, அதன் பின்னால் ஓட ஆரம்பித்துவிடுகிறோம். யாருமே கேட்காத ஒரு நாற்காலியில் நான் ஆயுசுக்கும் உட்கார்ந்திருப்பேன், நைனாவுக்காக என்று நினைத்துக்கொண்டு. இன்றைக்கும் நினைத்தால் ஒரு பெருமூச்சு வருகிறது.

அன்றே மண்டிக்குப் போனேன். பாவா மூட்டை பிடிக்கிறவர்கள் முன்னாலேயே என்னைக் காய்ச்சி எடுத்தார். உத்தியோகம் வேண்டாமென்று ஓடுகிற முதல் ஆளைத் திருத்தணி இன்றைக்குத்தான் பார்க்கிறது என்றார். பேசித் தீர்த்த பிறகு, "வாத்தியாராயிட்டு இன்னா பண்ணப் போற?" என்று கேட்டார்.

"மூணாங்கிளாசுக்குக் கழித்தல் சொல்லித் தருவேன் பாவா."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு உள்ளே பார்த்து, எனக்கும் சேர்த்து டீ சொல்லச் சொன்னார்.