எங்கே போனது அந்தப் பந்து?

செய்முறைத் தேர்வில் எனக்குக் கிடைத்த மாணவி, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. கோல்ஃப் பயிற்சிப் பட்டப்படிப்பின் கடைசித் தேர்வு அது. ஊட்டி மைதானத்தில், முன்பின் தெரியாத ஒருவருக்கு அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்து, அவர் ஆட்டத்தில் ஒரு மாற்றமாவது காட்ட வேண்டும். இல்லையென்றால் இன்னொரு வருடம் படிக்க வேண்டும். குன்னூரில் டீ ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அப்பாவோ, குச்சியால் பந்தை அடிப்பதற்கு ஒரு டிகிரியா என்று சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை கோட்டைவிட்டாலும் படிப்பை நிறுத்தி, ஃபேக்டரி ஆபீசில் உட்காரவைப்பதாகச் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனிதர்.

அந்த அம்மாவின் குறை முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. மட்டை பந்தைத் தொடும் முன்பே, அது எங்கே போகிறது என்று பார்க்கத் தலை நிமிர்ந்துவிடும். பந்து புல்லை உரசிக்கொண்டு நாலடி ஓடிப் படுத்துக்கொள்ளும். தலையைத் தூக்காதீர்கள் என்றேன். சரி என்றார், தூக்கினார். மறுபடி சொன்னேன், மறுபடி தூக்கினார். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. குரல் உயர்ந்துவிட்டது.

"ஏனுங்க அம்மிணி, காலமெல்லாம் புள்ளைகளை மெரட்டுனவ நானுங்க. எனக்கேவா?"

பக்கத்தில் நின்று எனக்கு மதிப்பெண் போடும் தேர்வாளர் ஏதோ குறித்துக்கொண்டார். எனக்குக் காது சூடானது.

அந்த நேரம் பார்த்துப் பனிமூட்டம் இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தொடரச் சொன்னார். தொலைந்தேன் என்று நினைத்தேன். அந்த அம்மா அடித்தார். 'டக்' என்று சுத்தமான சத்தம். அடுத்ததும் அப்படியே. பார்க்க எதுவும் இல்லாததால் தலை கீழேயே இருந்தது. நான் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காததைப் பனி சும்மா வந்து செய்துவிட்டது. சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

வந்த வேகத்தில் பனி விலகியது. வெயிலில் அடித்த முதல் பந்து பழையபடி புல்லில் படுத்தது. நேரம் முடியப்போகிறது. தேர்வாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், பந்து போற எடத்தை நான் பாத்துச் சொல்றேனுங்க. நீங்க அடிச்சப்புறமும் கீழயே பாத்துட்டு, என்னைக் கேளுங்க."

வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மட்டையை ஓங்கினார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். டக். தலை அசையவில்லை.

"எங்க போச்சுங்க?" என்றார், புல்லைப் பார்த்தபடியே.

எனக்குத் தெரியாது. அவர் தலையை விட்டு நான் கண்ணை எடுக்கவே இல்லை. தேர்வாளர் பக்கம் திரும்பினேன். அவர் என்னைக் கவனித்துக்கொண்டிருந்ததால் அவருக்கும் தெரியவில்லை. நேராகத்தான் போனது என்று ஒரு பொய் வாய்வரை வந்தது. சொல்ல மனம் வரவில்லை.

"தெரியலீங்க மேடம். உங்க தலையைத்தான் பாத்துட்டிருந்தேன்."

தேர்வாளர் தாளில் கையெழுத்துப் போட்டார். பாஸ் என்று சொல்லி, அடுத்த ஆளை அனுப்பச் சொன்னார். அப்பாவுக்கு போன் போட வேண்டும் என்று கிளம்பினேன். திரும்பிப் பார்த்தால் அந்த அம்மா இன்னொரு பந்தை வைத்துக் குனிந்து நின்றிருந்தார். தலை நிமிரவில்லை.

"எங்க போறீங்க அம்மிணி? இதையாவது பாத்துச் சொல்லுங்க."