பூஜையில் வைத்த லேப்டாப்

ஆயுத பூஜையன்று வீட்டில் எது கண்ணில் பட்டாலும் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவேன். அரிவாள்மனை, தையல் மெஷின், கணவரின் மொபெட் என்று போகும் வரிசையில், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி வாங்கித் தந்த லேப்டாப்பும் அந்த வருடம் சேர்ந்துகொண்டது. மூடி வைத்தால் அழகாகவா இருக்கும்? திரையில் பிள்ளையார் படத்தை வரவழைத்து, ஆன் செய்தபடியே பூஜையில் வைத்தேன். மறுநாள் எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. தொடவும் இல்லை.

மறுநாள் பார்த்தால் பிள்ளையாரைக் காணோம். நெட்டையும் காணோம். மேஜையில் மோடம் பச்சை விளக்கோடு ஜம்மென்று இருந்தது. லேப்டாப்தான் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

விஜயதசமி நல்ல நாள் என்று, தம்பிக்குப் பார்த்த பெண் அன்று மாலை குரும்பலூரிலிருந்து வருவதாக ஏற்பாடு. தம்பிக்கோ லீவு இல்லை. அவனை வெப்கேமராவில் பார்த்துப் பேசிவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்று அவள் கறாராகச் சொல்லியிருந்தாள்.

"கம்ப்யூட்டருக்கு யாராச்சும் சந்தனம் பூசுவாங்களா? ஈரம் உள்ள எறங்கியிருக்கும்" என்றார் கணவர்.

மீன்சுருட்டியிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்திருந்த அம்மாவுக்கு வேறு கவலை. "மொதப் பேச்சே தடங்கலானா சகுனம் சரியில்லன்னுடுவாங்கடி." ஏற்கெனவே ஒரு நல்ல இடம் சகுனத்தில்தான் கைநழுவிப் போயிருந்தது.

எனக்குக் கோபமும் வந்தது, பயமும் வந்தது. வைத்த பொட்டைத் துடைத்தேன். மோடத்தை அணைத்துப் போட்டேன். மோடத்தோடு வந்த ஒயரைத் தேடினால், லீவில் வந்திருந்தபோது, இனி ஒயரே வேண்டாமென்று தம்பியே அதைப் பெருமையாகத் தூக்கிப் போட்டிருந்தான்.

மாலையில் வந்துவிட்டார்கள். கேசரி கொடுத்து, காபி கொடுத்து, பஸ்ஸில் கூட்டமா என்று கேட்டு, பேச்சை எவ்வளவு இழுக்க முடியுமோ இழுத்தேன். பெண்ணின் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னங்க, ஏதாச்சும் தடங்கலுங்களா?"

இனி மறைக்க முடியாது. நெட் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

பெண் டம்ளரைக் கீழே வைத்தாள். பெரம்பலூரில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தவள். "நான் பாக்கலாங்களா?" என்று கேட்டு, உள்ளே வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்து எதையெதையோ திறந்து பார்த்தாள்.

"ராத்திரி பூரா ஆன்லயே இருந்துச்சுங்களா?"

"பூஜையில வச்சிருந்தேம்மா. யாருமே தொடல."

அவள் சிரித்துவிட்டாள். "நீங்க தொடல. அதுவா அப்டேட் ஆகி, ரீஸ்டார்ட்டும் ஆயிருக்குங்க. ஒயர்லெஸ்ஸ வேலை செய்ய வைக்கிற டிரைவர் புதுசா மாறிடுச்சு. இந்த மெஷினுக்கு அது ஒத்துக்கல. பழசையே திரும்பக் கொண்டாந்துடலாம்."

"சந்தனத்தால இல்லியே?"

"சந்தனம் என்னங்க பண்ணும்?"

கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் திரையில் தம்பி வந்தான். "என்னக்கா இவ்ளோ நேரம்" என்று ஆரம்பித்தவன், எதிரில் இருப்பது நான் இல்லை என்று தெரிந்ததும் அவசரமாகச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். அவர்களைப் பேசவிட்டு நாங்கள் எல்லோரும் கூடத்துக்கு வந்துவிட்டோம்.

பேசி முடித்து வெளியே வந்தவளிடம் கேட்க யாருக்கும் தைரியமில்லை. அவள் நேராகப் பூஜைத் தட்டிலிருந்த குங்குமத்தை விரலில் தொட்டுக்கொண்டு உள்ளே போனாள். நான் துடைத்த இடத்திலேயே லேப்டாப்புக்குப் பொட்டு வைத்தாள்.

"அடுத்த வருசம் ஆஃப் பண்ணிட்டு வைக்கணும், அண்ணி. நானே வச்சிடுறேன்."

அம்மா சர்க்கரை டப்பாவைத் தேடி ஓடினாள்.